பின்சக்கர மட்கார்டின் கீழ்க்கால்: செஷயர் கிராமச் சாலைகளில் ஓர் அறவியல் ஆய்வு

முனைவர் பட்ட ஆய்வேடு எதுவானாலும் முதல் அத்தியாயத்தில் ‘ஆய்வு இடைவெளி’ என்று ஒன்று இருந்தாக வேண்டும். இக்கட்டுரையின் ஆய்வு இடைவெளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சைக்கிளின் பின்சக்கர மட்கார்டு முடியும் இடத்தில் இருக்கிறது. அங்கே சிலர் ஒரு ரப்பர் மடலைத் தொங்கவிடுகிறார்கள்; பலர் விடுவதில்லை. லாரிக்குப் பின்னால் தொங்குமே, அதன் குட்டி. செயினுக்கும் சீட்டுக்கும் டயருக்கும் எழுதிக் குவித்த அறிஞர்கள் இந்த மடலுக்காக ஒரு முறையாவது குனிந்ததாகத் தெரியவில்லை.

குனிந்திருந்தால் ஒரு விநோதம் கண்ணில் பட்டிருக்கும். மடலை மாட்டிய ஆளுக்கு அதனால் காலணாப் பயன் கிடையாது. பயன் முழுவதும் அவருக்குப் பின்னால் வருகிறவருக்கு. தன் காசில் வாங்கி, தன் வண்டியில், தானே ஸ்பேனர் பிடித்து மாட்டிய பொருள் அடுத்தவர் முகத்தை மட்டும் காக்கிறது. சைக்கிளில் இப்படி இன்னொரு உறுப்பு இல்லை. மணி அடித்தால்கூட நமக்கு வழி கிடைக்கிறது.

களமும் பருவமும்

களம் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள செஷயர். பால்மாட்டுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன சமவெளி. ஒரு டிராக்டர் போனால் மறுபக்கம் ஆள் ஒதுங்க இடமில்லாத சிறுசாலைகள். இருபுறமும் முட்செடி வேலி. ஞாயிற்றுக்கிழமையானால் லிவர்பூல், மான்செஸ்டர், செஸ்டர் பக்கத்துச் சைக்கிள் கிளப்காரர்கள் இங்கே வந்துவிடுவார்கள். இது நேற்று முளைத்த பழக்கமல்ல. லிவர்பூலின் ஆன்ஃபீல்டு பைசிக்கிள் கிளப் 1879-இல் தொடங்கியது. குளிர்கால ஞாயிறுகளில் பந்தயம் இல்லை, பரிசு இல்லை. பத்துப் பேர் வரிசையாக மிதித்துப் போய், எங்கோ ஒரு கடையில் டீயும் கேக்கும் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும் என்பதால் டீக்கடையில் ரொம்ப நேரம் உட்கார முடியாது. ஆனாலும் உட்காருவார்கள்.

வானிலை இந்த ஆய்வுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. காற்று தென்மேற்கிலிருந்து வந்தால் வேல்ஸ் மலைகள் முன்னாலேயே மழையைப் பிடுங்கிக்கொள்ளும், செஷயருக்கு மிச்சம்மீதிதான். காற்று வடமேற்குக்குத் திரும்பினால் கதை வேறு. ஐரிஷ் கடல் மேல் திரண்ட மேகங்கள், வேல்ஸ் மலைகளுக்கும் பென்னைன் மலைத்தொடருக்கும் நடுவே உள்ள திறப்பு வழியாக ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே நுழையும். வானிலைக்காரர்கள் இதைச் ‘செஷயர் கேப்’ என்பார்கள். ஒரு குளிர்முகம் கடந்துபோகும்போது காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத்தான் திரும்பும். ஆக, புறப்படும்போது தூறல், நடுவழியில் பளீரென்று வெயில், டீக்கடைக்கு இரண்டு மைல் இருக்கும்போது ஆலங்கட்டி என்று ஒரே காலையில் எல்லாம் நடக்கலாம். ரெயின்கோட்டைப் போடுவதும் சுருட்டி முதுகுப் பையில் திணிப்பதுமாகவே பாதிப் பொழுது போகும்.

இங்கே ஒரு பாகுபாடு செய்துகொள்ள வேண்டும். மழை இரு வகைப்படும்: மேல்மழை, கீழ்மழை. மேல்மழை வானத்திலிருந்து வருவது. வானிலை நிலையத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. கீழ்மழை சாலையிலிருந்து வருவது. முன்னால் போகிறவரின் அதிகாரத்துக்கு உட்பட்டது. மேல்மழை பத்து நிமிடத்தில் விட்டுவிடும். கீழ்மழை நவம்பரில் பிடித்தால் மார்ச் வரை விடாது. காரணம் எளிய கோணக் கணக்கு. செஷயர் வடக்கு அட்சம் 53 டிகிரியை ஒட்டியிருக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் உச்சிப்பொழுதுச் சூரியனே அடிவானத்துக்கு மேல் 13 டிகிரிதான் ஏறுகிறது. அந்த வெயிலில் 2 மீட்டர் உயர வேலியின் நிழல் 8 மீட்டருக்கு மேல் நீளும். சாலையின் அகலம் 3 மீட்டர். கிழக்கு மேற்காகப் போகும் சாலையில் வெயில் விழவே வழியில்லை. பிறகு எங்கே காய்வது?

ஈரம் என்றால் வெறும் ஈரமும் அன்று. குளிர்காலத்தில் மாடுகள் கொட்டகையில் அடைந்திருக்கும். கொட்டகைக்கும் தீவனக் குவியலுக்கும் இடையே டிராக்டர் நாள் முழுக்கச் சாலையைக் குறுக்கே கடக்கும். அதன் டயர் எதையெல்லாம் சுமந்துவந்து சாலையில் இறக்கும் என்பதை மாடு வளர்த்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கீழ்மழையின் சுவை பற்றி இதற்கு மேல் எழுதினால் இதழாசிரியர் வெட்டிவிடுவார்.

நூற்பாவும் உரையும்

கண்டறிந்த விதியை மரபுப்படி நூற்பாவாகவே தருகிறேன்:

‘மேற்கால் தனக்கே, கீழ்க்கால் பிறர்க்கே.’

என்பது, பின்சக்கரத்தின் பின்பாதியில் மேல் கால்பங்கை மூடும் மட்கார்டு ஓட்டுபவர்க்கு உதவும். கீழ்க் கால்பங்கை மூடுவது பின்வருவோர்க்கு உதவும் என்றவாறு. ‘கால்’ என்றது சக்கரத்தில் நாலில் ஒன்றை. ஓட்டுபவர் காலை அன்று. ஏகாரம் இரண்டும் தேற்றம்.

சக்கரம் சுழலும்போது டயரில் ஒட்டிய நீர், தான் விடுபடும் இடத்தின் தொடுகோட்டுத் திசையில் பறக்கும். அச்சின் மட்டத்துக்கு மேலே விடுபட்ட துளி, ஓட்டுபவரைப் பொறுத்தவரை மேலேயும் முன்னேயும் பாயும்; அவருடைய முதுகில் நடுவகிடு எடுத்ததுபோல் ஒரு சேற்றுக் கோடு விழும். அச்சுக்குக் கீழே விடுபட்ட துளி மேலேயும் பின்னேயும் பாயும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது ஞாயிற்றுக்கிழமை வேகம்தான். காற்றுத் தடையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 55 டிகிரி சாய்வில் கிளம்பும் துளி 1.2 மீட்டர் பின்னால் போய்ச் சேரும்போது தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒட்டிக்கொண்டு பின்வரும் சைக்கிள்காரருக்குச் சரியாக அந்த இடத்தில் இருப்பது வாய்.

இதிலிருந்து ஒரு முக்கியமான சமூகவியல் முடிவு பெறப்படும். பாதிக்கப்பட்டவர் புகார் சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் பாதிப்பு கூடும். ஆகவே இந்தக் குற்றம் புகாரே இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

துளி ஏறும் உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதையும் கவனிக்க. வேகம் இரட்டித்தால் குற்றம் நான்கு மடங்காகும். நடைவேகத்தில் துளி முழங்காலைக்கூட எட்டாது. ‘வேஃபேரர்’ என்ற புனைபெயரில் எழுதிய டபிள்யூ. எம். ராபின்சன் 1919 மார்ச்சில் நண்பர்களோடு வேல்ஸின் பெர்வின் மலையைப் பனி மூடிய பாதையில் கடந்தார். ‘சைக்கிளிங்’ இதழில் அவர் அதைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு இன்றும் அந்த வழியாகப் போகிறவர்கள் உண்டு. அதன் வீரத்தைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். அறத் தூய்மையை யாரும் கவனிக்கவில்லை. பனியில் தள்ளிக்கொண்டு போகும் சைக்கிள் யார் வாயிலும் எதையும் வீசாது.

சேற்றையும் சைக்கிளையும் இணைத்து ஆராய்ந்த இன்னொரு முன்னோடி ஷெர்லக் ஹோம்ஸ். ஆர்தர் கோனன் டாயில் 1904-இல் வெளியிட்ட ‘ப்ரையரி ஸ்கூல்’ கதையில், மேட்டுநிலச் சேற்றில் பதிந்த டயர்த் தடத்தைப் பார்த்தே சைக்கிள் எந்தத் திசையில் போனது என்று அவர் சொல்லிவிடுவார். அது முடியாது என்று வாசகர்கள் கடிதம் எழுத, டாயில் தானே சைக்கிளை எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்த்து, சமதளத்தில் முடியாதுதான் என்று 1924-இல் வந்த தன் வரலாற்றில் ஒப்புக்கொண்டார். ஹோம்ஸ் தரையைப் பார்த்தார். பின்னால் போனவர் சட்டையைப் பார்த்திருந்தால் திசை உடனே தெரிந்திருக்கும்.

ஒப்புரவு, ஒரு சிக்கலுடன்

திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். கைம்மாறு கருதாத உதவிக்கு வள்ளுவர் முதற்குறளிலேயே எடுத்துக்காட்டாக நிறுத்துவது மழையை. மேல்மழையை என்று கொள்க. கீழ்மழைக்கு அங்கே இடமில்லை. ஆனால் கீழ்மழையைத் தடுக்கும் மடல் அந்த அதிகாரத்துக்குள் தாராளமாக நுழையும். மடல் மாட்டியவருக்குப் பின்வருகிறவர் கைம்மாறு செய்ய வேண்டுமானால் முன்னால் வர வேண்டும். முன்னால் வந்தால் அவர் மடல் வேறு யாரோ ஒருவருக்குத்தான் உதவப் போகிறது.

சிக்கல் இனிமேல்தான். பல கிளப்களில் எழுதாத விதி ஒன்று உண்டு: மடல் இல்லாதவர் வரிசையின் கடைசியில் வர வேண்டும். தண்டனை என்று நினைத்து வைத்த விதி. ஆனால் எதிர்க்காற்று வீசும்போது வரிசையில் சொகுசான இடம் எது? பின்னால் உள்ள இடம்தான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் வருகிறவர் அந்த நிழலில் கணிசமான உழைப்பை மிச்சம் பிடிக்கிறார். ஆக, ஊர் நன்மைக்காக மடல் மாட்டியவர் முன்னால் நின்று காற்றில் சாக, மாட்டாதவர் கடைசியில் மூச்சு வாங்காமல் வருகிறார். அவருக்கு முன்னால் போகிறவரிடம் மடல் இருப்பதால் முகமும் சுத்தம். குற்றவாளிக்கு இவ்வளவு வசதியான தண்டனையை உலகில் வேறெந்தச் சட்டமும் தந்ததில்லை.

இந்த அநியாயத்தை ஓரளவு ஈடுகட்டுவது குரல். முன்னால் போகிறவர் சாலைப் பள்ளத்தைக் கண்டால் கையை நீட்டி ‘ஹோல்!’ என்று கத்துவார். அது வாய்க்கு வாய் பின்னால் போகும். பின்னாலிருந்து கார் வந்தால் கடைசி ஆள் ‘கார் பேக்!’ என்று கத்த வேண்டும். அது முன்னால் போகும். மடல் இல்லாதவருக்கு வரிசையில் உள்ள ஒரே கடமை இது. அதிலும் அவர் பேச்சு சுவாரசியத்தில் மறந்துவிடுவது உண்டு.

கள ஆய்வுக்கு நல்ல வாய்ப்பு பங்சர். வேலியில் பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல் வேலிகளை வெட்டக்கூடாது என்பது இங்கிலாந்தின் விதி. விவசாயிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இயந்திரம் வைத்து வெட்டித் தள்ளுவார்கள்; முள்ளெல்லாம் சாலையில். யாராவது ஒருவருக்குக் காற்று இறங்கும். ஒருவர் விறைத்த விரலால் டியூப் மாற்ற, மற்றவர்கள் அதை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நிற்பார்கள். அந்த நேரத்தில் மடல்களை நிதானமாகப் பார்வையிடலாம். கடையில் வாங்கிய ரப்பர் மடல்கள் உண்டு. பெரிய வண்டிக்கு வெட்டியதுபோல் தரையைத் தடவும் தோல் மடல்கள் உண்டு. மதிப்புக்குரியவை நான்கு பைண்ட் பால் பாட்டிலிலிருந்து வெட்டி எடுத்த மடல்கள். பாட்டிலின் தட்டையான பக்கத்தை நாக்கு வடிவில் கத்தரித்து, மேல்புறம் இரண்டு துளை போட்டு, பிளாஸ்டிக் டையால் மட்கார்டில் கட்டிவிடுவார்கள். வளையும், உடையாது, செலவில்லை. பாட்டிலின் கைப்பிடி வளைவு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் வெட்டியது என்று தெரிந்துகொள்ளலாம். பால் சமவெளியின் சேற்றைப் பால் பாட்டிலே தடுக்கிறது என்பதில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

இரண்டாவது ஆய்வுக்கூடம் டீக்கடை. வெண்ணெய் தடவிய டீகேக், டோஸ்ட் மேல் பீன்ஸ், பானையில் டீ. கண்ணாடி மங்கும் அளவுக்கு எல்லார் உடம்பிலிருந்தும் ஆவி. மேற்காலே மூடாதவர்கள், அதாவது மட்கார்டே இல்லாதவர்கள், எழுந்துபோன நாற்காலியில் ஒரு பழுப்பு முத்திரை இருக்கும். கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிள்காரர்கள் மொத்தப் பேரையும் பற்றி ஒரு கருத்துக்கு வருவார். மறுவாரம் நாற்காலிகளில் பழைய செய்தித்தாள் விரித்திருக்கும்.

நம் ஊர் வாசகர் கேட்கலாம்: மட்கார்டு இல்லாமல் சைக்கிள் விற்பார்களா என்று. விற்கிறார்கள். பந்தய வண்டியின் தோற்றத்துக்கு ஆசைப்பட்டு, வருடம் முழுக்க மழை பெய்யும் நாட்டில் மொட்டையாக விற்கிறார்கள். 1949-இல் பிரிட்டிஷ் கூட்டுடன் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் வண்டி, பெயரும் வடிவமும் இங்கிலாந்தின். அதில் முன்னும் பின்னும் முழு நீள மட்கார்டு. மூன்று மாத மழைக்கு நாம் அதை விடாமல் வைத்திருந்தோம். மூலப்பிரதியைத் தொலைத்துவிட்டு நகலைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டிய நிலையில் இன்று இங்கிலாந்து இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

எஞ்சிய வினா ஒன்று: தனியே போகிறவர் மடல் மாட்ட வேண்டுமா? பின்னால் எவரும் இல்லாமையின் வேண்டா என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது; எதிர்க்காற்று நாளில் தனியே போகிறவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவர் வந்து ஒட்டிக்கொள்வார், இது தவறாமல் நடக்கும் என்க. அதனால்தான் வேண்டா என்பர் மற்றொரு சாரார்: மடல் இருந்தால் அந்த ஆள் வீடு வரை நிழலில் வருவார், இல்லாவிட்டால் அரை மைலில் விலகிவிடுவார். இந்த இரண்டாம் கருத்தை டீக்கடையில் மிக உறுதியாக எடுத்துரைத்த பெரியவரின் வண்டியை வெளியே போய்ப் பார்த்தேன். பின்மடல் இல்லை. முன்சக்கரத்தில் பால் பாட்டில் மடல், தரைக்கு இரண்டு விரற்கடை மட்டுமே விட்டு, அருமையாக வெட்டியது. முன்சக்கரத்துச் சேறு தன் ஷூவுக்கல்லவா வரும்!