கைதவறிய ஏவுகணை

கேள்வி: இந்தியா-பாகிஸ்தான் சண்டை அணு ஆயுதப் போராக முற்றிவிடுமா?

பதில்: தெரிந்தே பொத்தானை அமுக்க இரு தரப்பும் ஆயிரம் முறை யோசிக்கும். என் பயமெல்லாம் தெரியாமல் அமுக்குவதைப் பற்றித்தான். 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று கைதவறிக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவுமில்லை. 'தொழில்நுட்பக் கோளாறு' என்று வருத்தம் தெரிவித்தோம். பிறகு மூன்று விமானப்படை அதிகாரிகளை வீட்டுக்கு அனுப்பினோம். சண்டை நடக்கும் நேரமாயிருந்தால், வருத்தக் கடிதம் வரும்வரை எதிராளி காத்திருப்பாரா? ஒரு ஆறுதல்: 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1-லும் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, 'இங்கே மட்டும் அடிக்காதே' என்று. பகைவர்கள் தவறாமல் அனுப்பிக்கொள்ளும் புத்தாண்டு வாழ்த்து அது ஒன்றுதான்!