காலா லில்லி சேம்பே எனத் துணிதல்

பெயர் இடுகுறி, காரணம் என இருவகைப்படும் என்பர் இலக்கணிகள். மூன்றாவதாகப் புளுகுப்பெயர் என்றொரு வகை உண்டென்பதும், அதற்குக் காலா லில்லி தக்க எடுத்துக்காட்டு என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலாவது, இது காலா அன்று. 1753இல் லின்னேயஸ் இதைக் காலா என்றே பதிந்தார். 1826இல் ஸ்ப்ரெங்கல் என்பவர் தனிப் பேரினமாகப் பிரித்து, சான்டெடெஸ்கி என்ற இத்தாலியத் தாவரவியலாளரின் பெயரைச் சூட்டிவிட்டார். காலா என்ற பெயர் இன்று வடக்குத் தேசத்துச் சதுப்புச் செடி ஒன்றுக்கே உரியது. இரண்டாவது, லில்லிக் குடும்பத்துக்கும் இதற்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மூன்றாவது, அறிவியல் பெயரின் பின்பாதியாக இன்றும் தொங்கும் 'எத்தியோப்பிக்கா'. செடிக்கு ஊர் தென்னாப்பிரிக்கா. அக்கால ஐரோப்பியருக்கு எகிப்தைத் தாண்டினால் எல்லாம் எத்தியோப்பியா. எங்கள் பாட்டிக்குச் சென்னையைத் தாண்டினால் எல்லாம் காசி.

அற்றேல், பூ என்றாவது சொல்லலாமே எனின், அதுவும் ஆகாது. நாம் பூ என்று மயங்கும் வெள்ளைப் புனல், உருமாறிய இலை. தென்னம்பாளைக்கு உறவுமுறை சொல்லத்தக்க மடல். உள்ளே நிற்கும் மஞ்சள் கதிரில் மொய்த்திருக்கும் பொடிகளே உண்மைப் பூக்கள், மேலே ஆணும் கீழே பெண்ணுமாக. இந்த இலையைத்தான் டியேகோ ரிவேரா மெக்சிகோவில் கூடைகூடையாக வரைந்தார். 1916 எழுச்சியின் நினைவாக அயர்லாந்துக்காரர்கள் 1926 முதல் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னமும் இதுவே. உண்மை பேசியவர்கள் தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்ஸ் பேசுவோர் மட்டுமே. அவர்கள் வைத்த பெயர் 'ஃபார்க்கூர்', அதாவது பன்றிக்காது.

இனி, குடும்ப விசாரணை. இது சேம்பு, சேனை ஆகியவற்றின் பங்காளி. இலையிலும் தண்டிலும் கிழங்கிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப்படிகங்கள் உள்ளன. சேனை நறுக்குபவர் கை அரிப்பதும் இவற்றாலேயே. கட்டுரையாளர் குன்னூர் வீட்டில் கையுறை அணியாமல் பழத்தைப் பிசைந்து விதை எடுத்து, உடனே மூக்கையும் சொறிந்துகொண்டமையால் இதனை நேர்ச்சான்றாகக் கொள்க. அம்மா வந்து பார்த்து, "புளியைத் தேய்டா. சேம்பு மாதிரி ஏதோ ஒண்ணுதானே, இதுக்குப் போயி லத்தீனா?" என்றார். இரண்டரை நூற்றாண்டு வகைப்பாட்டியல் தட்டித் தடுமாறி வந்த இடத்துக்கு அவர் ஒரே எட்டில் வந்துவிட்டார். (சேம்பு என்றதும் குழம்பு நினைவுக்கு வருவோர் கவனிக்க: இது உண்ணத்தக்கதன்று.)

விதை முறை வருமாறு. மடல் வாடிய பின் கதிரில் காய்கள் திரளும். அவை பச்சை மாறி ஆரஞ்சாகி, தொட்டால் மெத்தென்று அமுங்கும்வரை பொறுக்க வேண்டும். சதையைக் கழுவி, விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 20 டிகிரி வாக்கில் வெப்பம் இருந்தால் நலம். பிறகு எதுவும் நடக்காது. எதுவும் நடக்காத இக்காலம் ஒரு மாதமாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம். கட்டுரையாளர் ஊன்றியவை 24. ஐந்தாம் வாரம்வரை தட்டில் பாசி மட்டும் சிறப்பாக விளைந்தது. ஆறாம் வாரம் பூண்டு முளை போல ஒரு பச்சைக் குச்சி. மொத்தத்தில் தேறியவை ஒன்பது.

பூக்க இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஊதா, மஞ்சள் கலப்பின வகைகளின் விதையை நம்பி உட்கார்ந்தால் தாயின் நிறம் வரும் என்ற உறுதியும் இல்லை. அதனால்தான் வியாபாரிகள் கிழங்கிலும் திசு வளர்ப்பிலும் நிற்கிறார்கள். அறிவாளிகள்.

இவ்விடத்து ஒரு தடை எழும். இதே செடி நீலகிரியிலும் பழனி மலையிலும் ஓடையோரமெல்லாம் தானாக மண்டிக் கிடக்கிறதே, மேற்கு ஆஸ்திரேலியாவில் இதைக் களை என்றே அறிவித்திருக்கிறார்களே, பின் இந்தத் தட்டு எதற்கு எனின், ஓடையில் முளைப்பது இயற்கை, தட்டில் முளைப்பது ஆய்வு என்க.

மூன்றாம் ஆண்டு ஒரு தொட்டியில் மொட்டு வந்தது. விரிந்த அன்று காலை, பின்பக்க ஓடையில் புல்லறுக்கும் பெண்மணி வாசலில் வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் வாளி.

"ஐயா இந்தப் பூவுக்கு மூணு வருசமா காத்துக் கெடக்கீங்கன்னு அம்மா சொன்னாங்க. எங்கிட்டக் கேட்டிருக்கலாமே. இத மாடுகூடச் சீண்டாதுங்க."

எண்ணிப் பார்த்ததில் வாளியில் 22. தொட்டியில் 1.