கோடை விடுமுறையைச் சுருக்குவது எப்படி? புதிய தாளாளர்களுக்கு ஓர் எளிய வழிகாட்டி

வாழ்த்துகள். அப்பா நடத்திய அரிசி மண்டியை விற்றோ, மாமனார் கொடுத்த நாலு ஏக்கரை வளைத்துப் போட்டோ ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டீர்கள். வாசலில் சரஸ்வதி சிலை, உள்ளே ஏசி போட்ட தாளாளர் அறை, சுவரில் அப்துல் கலாம் படம் எல்லாம் தயார். அடுத்த தெருப் பள்ளியைவிட நீங்கள் எந்த விதத்தில் உசத்தி என்று இனிப் பெற்றோருக்குக் காட்டியாக வேண்டும். நல்ல ஆசிரியர்களைப் போடலாம், சம்பளம் கேட்பார்கள். நூலகம் வைக்கலாம், தூசி தட்ட ஆள் வேண்டும். செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. பள்ளியை இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நாள் திறந்து வையுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எத்தனை மணிக்கு விட்டார்கள் என்பது மட்டும் தெரு முழுக்கத் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரப் பாடம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: சின்னப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு நாலு மணி நேரம், அதற்கு மேலே உள்ளதற்கு ஏறக்குறைய நாலரை. படித்ததும் மயக்கம் வருகிறதா? வேண்டாம். அட்டவணை சொல்வது குறைந்தபட்சக் கணக்கு. அதிகபட்சம் எவ்வளவு என்று அதில் எழுதவில்லை. உங்கள் பள்ளி நிற்பது அந்தக் காலியிடத்தில்தான்.

நேரத்தைக் குறைத்தால் என்ன என்று கேட்கும் மனிதர் எந்தக் கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். அவருக்குச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். 1953-ல் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக் கல்வித் திட்டம் என்று மாநிலமே கொதித்தது. எதிர்ப்பு அடங்காத நிலையில் 1954-ல் ராஜாஜி பதவியை விட்டு விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். குறைத்த நேரத்துக்குள் சாதி இருந்தது, எதிர்த்தவர்கள் எதிர்த்தது அதைத்தான். அந்த விவரத்துக்குள் நீங்கள் போக வேண்டியதில்லை. பள்ளி நேரத்தைக் குறைக்கப் போய் ஒரு முதலமைச்சருக்கே நாற்காலி ஆடியது, கூட்டியவர் எவருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று மட்டும் சொல்லி உட்காருங்கள். கைதட்டுவார்கள்.

இனி நாளை நீட்டும் வழி. காலை ஏழே முக்காலுக்கு ‘மார்னிங் ஸ்டடி’. சாயங்காலம் நாலேகாலுக்கு மணி அடித்ததும் கீழ் வகுப்புகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பத்தையும் பன்னிரண்டையும் பிடித்து உட்கார வையுங்கள். ஆறரை வரை ஸ்பெஷல் கிளாஸ். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் என்ன சொல்லிக்கொடுப்பது என்று கவலைப்படாதீர்கள், அது தானாக நடக்கும். மாடியில் மூலை வகுப்பறை. நாலு ஃபேனில் இரண்டு ஓடும். கெமிஸ்ட்ரி மிஸ் காலாண்டு விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு திருத்துவார். பிள்ளைகள் புக் பேக்கில் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சத்தம் குறைந்தால் மிஸ் தலை நிமிராமல் “ம்?” என்பார்; சத்தம் ஏறும். ஐந்தேகாலுக்கு ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல். (ரெஃப்ரெஷ்மென்ட் கட்டணம் தனி.) ஐந்தரைக்கு ஸ்லிப் டெஸ்ட். எழுதியதைப் பக்கத்துப் பையன் திருத்துவான். தன் சிநேகிதனுக்கு ஒரு மார்க் கூட்டிப் போடுவான். காலையிலிருந்து அவன் சுயமாக யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். கடைசி பெஞ்சில் ஒருத்தன் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான். இந்தக் கலை பன்னிரண்டாம் வகுப்புக்குள் எல்லோருக்கும் கைவந்துவிடும். வேறெந்தப் பாடத்திலும் இவ்வளவு சதவீதத் தேர்ச்சி கிடையாது.

ஆறரைக்கு கேட் ஓரமாக அப்பாக்கள் ஸ்கூட்டரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். பாதிப் பேர் பையனை நேராக டியூஷனில் கொண்டுபோய் இறக்குவார்கள். டியூஷன் எடுப்பவர் உங்கள் பள்ளி மேத்ஸ் சாராகவே இருக்கும். பகலில் நடத்தாததை இரவில் நடத்துவதால் பாடம் இரண்டு முறை வருமோ என்ற பயம் வேண்டாம். “பையனுக்கு கான்சன்ட்ரேஷன் இல்லை சார்” என்று எந்த அப்பாவாவது வந்து நின்றால், காலை வகுப்பை ஏழரைக்கு மாற்றுங்கள்.

கோடை விடுமுறைக்கு வருவோம். முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்குவது பழைய பழக்கம். ஒன்பதாம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்குவது இன்றைய பழக்கம். எப்படித் தொடங்கினாலும் கோடையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று பள்ளிக் கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை வரும். அக்னி நட்சத்திரம் மாதிரி அதுவும் வருஷா வருஷம் வந்து போவது, பதற வேண்டாம். பிள்ளைகளை யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வரச் சொல்லுங்கள். ஸ்கூல் பஸ்ஸை வெளியே எடுக்காதீர்கள். மஞ்சள் பஸ் தெருவில் போனால் ஊருக்கே தெரியும். முன் கேட்டைப் பூட்டிவிட்டுப் பின் கேட்டைத் திறங்கள். எதையும் எழுத்தில் கொடுக்க வேண்டாம். கிளாஸ் மிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டு, எல்லோரும் கேட்ட பிறகு அழித்துவிடட்டும். இதையும் தாண்டி சி.இ.ஓ. ஆபீஸிலிருந்து யாராவது வந்து நின்றால், “பிள்ளைங்களே ஆசைப்பட்டு டவுட் கேட்க வந்திருக்காங்க சார்” என்று சொல்லுங்கள். இருநூறு பேருக்கும் ஒரே நாள் காலை ஒன்பது மணிக்கு டவுட் வந்தது எப்படி என்று அவர் கேட்டால் காபி வரவழையுங்கள்.

ஆசிரியைகளுக்கு மே மாதச் சம்பளம் தராதது பல பள்ளிகளில் மரபு. மே மாதம் அவர்களை வேலை வாங்குவதும் மரபு. மரபுகளைக் காப்பது நம் கடமை.

இதெல்லாம் கஷ்டமாகத் தோன்றினால், நம் துறையின் முன்னோடிகளை நினைத்துத் தெம்படையுங்கள். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்த காலத்தில், பிளஸ் ஒன் சேர்ந்த கையோடு பிளஸ் டூ புத்தகம் வந்துவிடும் என்பது ஊரறிந்த கதை. இரண்டு வருஷமும் ஒரே புத்தகம், ஒரே கேள்வி, சென்டம். ஒரு முழு வகுப்பையே விழுங்கி ஏப்பம் விட்டவர்களுக்கு முன்னால் ஒரு மாத லீவைப் பிடுங்குவது சில்லறை வேலை. அரசாங்கத்துக்கு இது உறுத்தியது. நீட் தேர்வில் பிளஸ் ஒன் பாடத்திலிருந்தும் கேள்விகள் வந்தபோது பெற்றோருக்கும் உறுத்தியது. 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. பிள்ளைகள் மூன்று வருஷம் தொடர்ந்து பொதுத் தேர்வு எழுதித் தவித்தார்கள் என்பதால், 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் அதை எடுத்துவிட்டார்கள். பாரம் குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான், குறை சொல்வதற்கில்லை. உங்களுக்கு என்ன சேதி என்றால், அடைத்த கதவு மறுபடி திறந்துகிடக்கிறது.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023-ல் ஜூன் தொடக்கத்தில் என்று அறிவித்த பள்ளித் திறப்பை வெயில் காரணமாக 7-ஆம் தேதிக்குத் தள்ளினார்கள். அதுவும் தாங்காமல் ஆறு முதல் பன்னிரண்டு வரை 12-ஆம் தேதி, ஒன்று முதல் ஐந்து வரை 14-ஆம் தேதி என்று ஆனது. 2024-ல் ஜூன் 6 என்றது 10 ஆனது. மே மாதத்து வெயில் ஜூனுக்குள்ளும் பாய் விரித்துப் படுத்துவிட்டது. லீவைக் குறைக்கச் சொல்லும் பெரிய மனிதர்களில் எவரும் கரூர் பரமத்தியிலோ வேலூரிலோ மே மாதம் பகல் இரண்டு மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நாற்பது பேரோடு நாற்பத்தோராவது ஆளாக, கழுத்தில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவராகத் தெரியவில்லை. சென்னை உயர் நீதிமன்றமே மே மாதம் கோடை விடுமுறை எடுத்துக்கொள்கிறது, அதுவும் வெள்ளைக்காரன் கட்டிய அத்தனை தடித்த சுவர்களுக்குள் இருந்துகொண்டு. இந்தத் தகவலைப் பெற்றோர் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள்.

கேரளத்துக்காரர்கள் செய்த தவறையும் செய்யாதீர்கள். 2025-ல் அங்கே உயர்நிலை வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரம் கூட்டினார்கள். காலை மதரஸா வகுப்புகள் பாதிக்கும் என்று சமஸ்தா என்ற முஸ்லிம் மத அமைப்பு எதிர்த்தது, பேச்சுவார்த்தை வரை போனது. அதே ஆண்டில் கல்வி அமைச்சர் சிவன்குட்டி, ஏப்ரல்–மே விடுமுறையை மழை கொட்டும் ஜூன்–ஜூலைக்கு மாற்றலாமா என்று பொது விவாதத்துக்கு விட்டார். அரை மணி நேரத்துக்கு இத்தனை களேபரம்! நாம் இங்கே இரண்டேகால் மணி நேரம் கூட்டியிருக்கிறோம், ஒருவர் வாய் திறக்கவில்லை. அவர்கள் ஊரைக் கூட்டிக் கேட்டதுதான் பிசகு.

கூட்டத்தில் பேச வெளிநாட்டு உதாரணம் தேவைப்படும். பின்லாந்தைச் சொல்வது இப்போது வழக்கம். சொல்லுங்கள், ஆனால் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பு, கோடை விடுமுறை ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் பாதி வரை என்றெல்லாம் உள்ளே போனால் வம்பு. தென் கொரியா பத்திரமானது. அதிலும் சியோலில் தனியார் பயிற்சி நிலையங்கள் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கக் கூடாது என்று விதி போட்டு, மீறுகிறவர்களைக் காட்டிக்கொடுத்தால் சன்மானம் என்று 2009-ல் அரசாங்கம் அறிவித்த பகுதியை விட்டுவிடுங்கள். மிச்சமுள்ள தென் கொரியாவைச் சொல்லலாம்.

உங்களிடம் உருப்படியாக ஒரு வாதம் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. நீண்ட லீவில் பிள்ளைகள் படித்ததை மறக்கிறார்கள். வீட்டில் புத்தகமோ, சொல்லிக்கொடுக்க ஆளோ இல்லாத பிள்ளைக்கு அந்த நஷ்டம் அதிகம். ஆனால் பேசும்போது ஜாக்கிரதை, அந்தப் பிள்ளை உங்கள் பள்ளியில் படிக்கவில்லை. அது படிக்கும் பள்ளியில் மத்தியானம் சத்துணவு உண்டு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு, தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் உண்டு. மே மாதம் பள்ளி மூடினால் இரண்டும் நிற்கும். விடுமுறையைக் குறைக்க எனக்குத் தெரிந்து இதைவிடப் பலமான காரணம் கிடையாது. நீங்கள் அதை எடுத்தால், “உங்க பள்ளியில சாப்பாடு போடுவீங்களா?” என்று எவராவது கேட்டுத் தொலைப்பார். சுண்டலைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

இன்னொரு ஆபத்தான முன்மாதிரியும் இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ தொடங்கியது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழுக்குள், தெருத் திண்ணையிலோ கோயில் வாசலிலோ, அதே தெருவைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இருபது பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை, பாட்டு, விளையாட்டு வழியே எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார். பார்க்கப் போனால் அதுவும் நாளை நீட்டியதுதான். ஆனால் மணி அடிக்காமலே பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மார்க் இல்லை, ரேங்க் இல்லை, கட்டணம் இல்லை. இது நம் தொழிலுக்கு ஆகாது. பேச்சு வந்தால், அதெல்லாம் சின்ன வகுப்புக்குச் சரி, போர்டு எக்ஸாமுக்கு உதவாது என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குத் தாவுங்கள்.

அப்பாக்களைச் சமாளிப்பது எளிது. தாங்கள் கிணற்றில் குதித்த கதை, ஆயா வீட்டில் நுங்கு வெட்டித் தின்ற கதை, மே மாதம் முழுக்க வெறுங்காலோடு திரிந்த கதை எல்லாம் சொல்வார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள். கதை முடிந்ததும் கோடை வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் போவார்கள்.

அம்மாக்கள் அப்படியில்லை. “அப்போ எப்பதான் சார் இவனுக்கு லீவு?” என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவார்கள். திணறாமல் பதில் சொல்லுங்கள். பிளஸ் டூ பரீட்சை மார்ச்சில் முடிந்துவிடும். அன்று சாயங்காலமே நீட் கிராஷ் கோர்ஸ். மே மாதத் தொடக்கத்தில் நீட். மறுநாளிலிருந்து லீவுதான், தாராளமாக எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம், ஜூன் மாதம் ரிப்பீட்டர் பேட்ச் ஆரம்பிக்கும்வரை. அதற்கு இப்போதே பேர் கொடுத்துவைத்தால் கட்டணத்தில் பத்து சதவீதம் தள்ளுபடி என்று சொல்லி, மேஜை டிராயரிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டுங்கள். பேனாவைத் தேட வைக்காதீர்கள்.