அன்னம்மாள் வீட்டுப் பாடம்

கேள்வி: அன்னம்மாள் சிறுமி மரியாளுக்குப் புத்தகம் பிடித்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது போலச் சுரூபங்கள் இருக்கின்றனவே, அது விவிலியத்தில் எந்த அதிகாரம்? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: எந்த அதிகாரமும் இல்லை! லூக்கா நற்செய்தி மரியாளை அறிமுகப்படுத்தும்போதே அவருக்குத் திருமணம் பேசி முடிந்துவிட்டது. பால்யம் பற்றி ஒரு வரி கிடையாது. தாய், தகப்பன் பெயர்கூட இல்லை.

அன்னம்மாள், சுவக்கீன் என்ற பெயர்களைத் தருவது 2ஆம் நூற்றாண்டின் 'யாக்கோபின் முதல் நற்செய்தி'. விவிலியத்துக்குள் இடம் பிடிக்காத நூல். ஆனால் கதை சொல்வதில் கில்லாடி. ஆறு மாதக் குழந்தை ஏழு அடி நடக்கிறதாம். உடனே தாய், 'ஆலயத்தில் விடும்வரை இவள் கால் தரையில் படாது' என்று சபதமெடுக்கிறார். மூன்று வயதில் குரு அவளை ஆலயப் பலிபீடத்தின் மூன்றாம் படியில் இறக்கிவிட, பிள்ளை ஆடத் தொடங்கிவிடுகிறது. அதிலும் புத்தகம் இல்லை. வளர்ந்த மரியாள் ஆலயத் திரைக்கு நூல்தான் நூற்கிறார். புத்தகத்தைக் கையில் கொடுத்தவர்கள் இடைக்கால ஐரோப்பியக் கலைஞர்கள். டியூஷனுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிப்பித்த தாய் என்றால் கொழும்பு நம்புமா என்பது வேறு விஷயம்!

திருச்சபையோ அந்தப் பெற்றோருக்கு ஜூலை 26ஐ ஒதுக்கியிருக்கிறது. தலவிலவில் அன்னம்மாளுக்குப் பெரிய யாத்திரைத் தலமே உண்டு. கொச்சிக்கடை அந்தோனியாரின் பதுவா நகரில், ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் மரியாளின் பெற்றோர் கதையைத் தேவாலயச் சுவரில் வரிசையாகத் தீட்டினார்.

வெனிஸில் ஓவியர் தித்சியானோ வரைந்த படத்தில் சிறுமி மரியாள் தன்னந்தனியே ஆலயப் படியேறுகிறார். கீழே ஒரு கிழவி முட்டைக் கூடையுடன் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எந்த நூலிலும் இல்லை; முன்வரிசை மட்டும் அவளுக்குத்தான்!