சாக்கு சுமந்த வண்டிக்குச் சாமரம்

எஸ்டேட் கார் என்றதும் நம்மவர்களில் பலருக்கு நுவரெலியாத் தேயிலைத் தோட்டமும் துரையின் தொப்பியும்தான் நினைவுக்கு வரும். பெரிய பிழையில்லை. இங்கிலாந்தில் அந்தப் பெயர் பிறந்ததே துரைமாரின் பண்ணை நிலங்களில்தான். ரயிலில் வந்து இறங்கும் விருந்தாளியையும் அவருடைய பெட்டியையும் துப்பாக்கியையும் நாயையும் மாளிகைக்கு ஏற்றிவர ஒரு வண்டி வேண்டியிருந்தது. பின்பக்கம் மரக்கூடு கட்டிக் கதவு வைத்தார்கள். எலிசபெத் ராணியே ஒரு வாக்ஸ்ஹால் கிரெஸ்டா எஸ்டேட் வைத்திருந்தார். ஆஸ்டன் மார்ட்டின் முதலாளி டேவிட் பிரவுன் தன்னுடைய டிபி5 காரின் முதுகை நீட்டிக் கட்டச் சொன்னார். அதைப் பார்த்து ஆசைப்பட்ட சீமான்களுக்கு ராட்ஃபோர்ட் பட்டறை ஒரு டஜன் செய்து கொடுத்தது.

பிறகு அந்த வண்டி துரையிடமிருந்து இறங்கி உழைப்பவனிடம் வந்தது. 1953 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனர் டிராவலரைத் தச்சர் ஓட்டினார், ஊர் தாதி ஓட்டினார், தேவாலயப் பாதிரியார் ஓட்டினார். மெர்சிடிஸ் 123 வரிசையில் எஸ்டேட் வந்தது. வொல்வோ 240 வந்தது. அது 1974 முதல் 1993 வரை, எல்லா வடிவமும் சேர்த்து 28 லட்சத்துக்கு மேல். செங்கல்லுக்கு நான்கு சக்கரம் பூட்டியது போன்ற உருவம். அழகு என்று யாரும் அதைக் குற்றம் சாட்டியதில்லை.

அப்படி ஒரு செங்கல்லைத்தான் என் மாமா 1996-இல் 600 பவுண்டுக்கு வாங்கினார். லண்டன் ஈஸ்ட் ஹாமில் அவருக்குச் சின்னக் கடை. விடியற்காலையில் மொத்தக் கடைக்குப் போய் அரிசி மூட்டை, பருப்பு, தேங்காய்ப்பால் பெட்டி, வெள்ளிக்கிழமையில் மீன் எல்லாம் அதில்தான் வரும். பின் சீட்டை மடித்தால் ஒரு குடும்பமே படுத்துறங்கலாம். கல்யாணத்துக்கு வாழைமரம் ஏற்றியது. செத்த வீட்டுக்கு நாற்காலி ஏற்றியது. பதின்மூன்று வருடம் பேசாமல் சுமந்தது.

சென்ற மாதம் அதே ரகம், அதே நீலம், ஒரு விற்பனைக்காரரிடம் 18,000 பவுண்ட் என்று நின்றது. விளம்பரத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் படத்தை உற்றுப் பார்த்தார்.

"உது என்ர கார் மாதிரியெல்லோ கிடக்கு. பின்னுக்கு மீன் வாசம் போட்டுதாமோ?"

போகவில்லை மாமா. அதற்குப் பெயர் மாற்றிவிட்டார்கள். இந்த வியாபாரத்துக்கென்று ஒரு புது மொழியே உண்டு. துருவுக்குப் பெயர் 'பட்டினா'. கோழி அடைந்த கொட்டகையில் இருபது வருடம் மக்கிக் கிடந்ததற்குப் பெயர் 'கண்டெடுத்த புதையல்'. ஓடாது என்பதை 'மீண்டும் ஓட்டத்துக்குக் கொண்டுவரச் சிறு வேலை பாக்கி' என்று எழுதுவார்கள். 1980-களில் வந்த வொல்வோக்களில் மின்கம்பி உறை தானாக உதிர்ந்து போகும். அதற்கு விளம்பரத்தில் இடமே இல்லை. மெர்சிடிஸ் எஸ்டேட்டின் பின்பக்கம் பாரத்துக்கேற்ப தானே உயரும் அமைப்பு பழுதானால் பணப்பை தாழும், அதற்கும் இடமில்லை. 'என்னிடம் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பேரம் பேசுவோர் வரவேண்டாம்' என்று சொல்ல மட்டும் தடித்த எழுத்தில் இடம் உண்டு. கேட்பவன் கேனையனானால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். இங்கே சைலன்சரில் வடிகிறது.

கேட்கிற விலை வேறு, விற்ற விலை வேறு. கேட்கிற விலையை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அது சும்மா நிற்கும். ஆனால் சும்மா நிற்காது. நான்கு பேர் 18,000 என்று எழுதினால் ஐந்தாவது ஆள் தன் தோட்டத்தில் புல் முளைத்த வண்டியைப் பார்த்து "அப்படியென்றால் என்னுடையது 20,000" என்கிறான். ஒன்றுகூட விற்காமலே சந்தை ஏறிவிட்டது. ஒருவன் பொய்க்கு இன்னொருவன் பொய் ஜாமீன்.

நியாயமான விலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிராவலரின் மரச்சட்டம் அலங்காரமல்ல. வண்டியின் எலும்பே அதுதான். உளுத்துப்போன சட்டத்தைக் கழற்றிப் புதிய ஆஷ் மரத்தில் இழைத்துப் பொருத்த நல்ல தச்சன் ஆயிரக்கணக்கில் கேட்பான். கொடுங்கள், அது கூலி. உளுத்த மரத்தின் மேல் இரண்டு கை வார்னிஷ் அடித்துவிட்டு அதே காசைக் கேட்பவனிடம்தான் எனக்குச் சண்டை. ஆடி ஆர்எஸ்2 எஸ்டேட், போர்ஷேயோடு சேர்ந்து செய்தது, கட்டியதே மூவாயிரம் வண்டிக்கும் குறைவு. அதற்குப் பணக்காரர்கள் அடித்துக்கொள்ளட்டும். நமக்கென்ன.

வொல்வோவுக்கு என்ன வந்தது? 'அரிதாகிவிட்டது' என்கிறார்கள். எப்படி அரிதானது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

2009. வங்கிகள் விழுந்து, கார்க் கம்பெனிகள் அழுதுகொண்டிருந்த நேரம். பத்து வயது தாண்டிய காரைக் கொண்டுவந்து கொடு, புதுக் காரில் 2,000 பவுண்ட் தள்ளுபடி என்றது பிரிட்டிஷ் அரசு. ஆயிரம் அரசு தரும், ஆயிரம் கம்பெனி தரும். ஒரு நிபந்தனை: பழைய வண்டியை உடைத்தே ஆகவேண்டும். ஓடுகிற வண்டி, ஒழுங்கான வண்டி, யாருக்காவது பயன்படக்கூடிய வண்டி, எல்லாம் நொறுக்கியில் போயின. ஒரு வருடத்துக்குள் சுமார் நான்கு லட்சம். மாமாவின் செங்கலும் அதில் போனது. 600-க்கு வாங்கியதற்கு 2,000 தருகிறார்களே, அரசாங்கத்தையே ஏய்த்துவிட்டோம் என்று அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுத்தார்.

மக்கள் வரிப்பணத்தில் நொறுக்கிவிட்டு, மிச்சத்தை 'அரிது' என்று மக்களிடமே விற்பது. காட்டைக் கொளுத்திவிட்டு நிழலுக்கு வாடகை கேட்கிற கதை.

இனி வரிக் கதை. காரை விற்று லாபம் பார்க்கிற தனியாளுக்கு பிரிட்டனில் மூலதன ஆதாய வரி கிடையாது. கார் தேயும் சொத்து, அதில் யார் லாபம் பார்க்கப் போகிறார்கள் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். விளம்பரத்தைப் பார்த்தால் 'விலை ஏறிக்கொண்டே போகும் முதலீடு'. வரிக்காரனுக்குத் தேய்பிறை, வாங்குபவனுக்கு வளர்பிறை. ஒரே காரில் இரண்டு நிலா.

வண்டிக்கு நாற்பது வயது ஆனால் சாலை வரி இல்லை. பெரிதாக உருமாற்றாத வண்டியானால் 2018 முதல் வருடாந்தரப் பரிசோதனையும் கட்டாயமில்லை. மனிதனுக்கு நாற்பதில் சர்க்கரை பரிசோதிக்கச் சொல்கிறார்கள். காருக்கு நாற்பதில் பரிசோதனையிலிருந்தே விடுதலை.

லண்டன் காற்றைச் சுத்தமாக்கவென்று, புகை கக்கும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கும் வலயத்துக்கு வருவோம். 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரம் முழுவதும் அது உண்டு. எங்கள் தெருவில் ஒரு குழாய் வேலைக்காரர். 2012-ஆம் ஆண்டு ஃபோர்ட் மொண்டியோ டீசல், அதுவும் எஸ்டேட்தான். பின்னால் குழாய், ஏணி, கழிவறைப் பீங்கான். வாசலை விட்டு நகர்ந்தால் நாளுக்கு 12.50 பவுண்ட். வாரம் ஐந்து நாள், வருடத்தில் நாற்பத்தெட்டு வாரம் என்று வையுங்கள்: 3,000 பவுண்ட். கட்ட மறந்தால் 180 அபராதம். அடுத்த தெருவில் ஒருவர் 1979 மெர்சிடிஸ் டீசல் எஸ்டேட் வைத்திருக்கிறார். முடுக்கினால் கறுப்பாய் ஒரு மேகம் எழும்பும். துணி காயப்போட்டவர்கள் உள்ளே ஓடுவார்கள். அவருக்குக் கட்டணம் பூச்சியம். அது 'வரலாற்று வாகனம்'. ஏழையின் புகை மாசு, சீமானின் புகை மரபு.

இதிலும் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார்கள். அந்த வரலாற்று வாகனத்தை வைத்துத் தொழில் செய்தால், 1973-க்கு முன் கட்டியதாய் இல்லாவிட்டால், சலுகை போய்விடும். விளையாடினால் இலவசம். பிழைத்தால் கட்டு. இதைவிடத் தெளிவாக ஒரு நாடு தன் மனசைக் காகிதத்தில் எழுதிவைக்க முடியுமா?

காற்று சுத்தமாக வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும். என் பேரப்பிள்ளையும் அதைத்தான் சுவாசிக்கிறது. பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை, அதனால் கேடு குறைவு என்பார்கள். என் வயிற்றெரிச்சலே அதுதானே! சுமப்பதற்கென்றே பிறந்த வண்டி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்த அறையில், கூடாரம் போர்த்தி, பேட்டரிக்குச் சேலைன் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறது. துரையிடமிருந்து தொழிலாளியிடம் வந்தது, நாற்பது வருடம் கழித்துத் துரையிடமே திரும்பிவிட்டது. இந்த முறை நாய்கூட ஏறுவதில்லை.

அந்தக் குழாய்க்காரருக்கும் வண்டியை உடைத்தால் 2,000 பவுண்ட் என்று மாநகரம் ஆசை காட்டியது. அதே 2,000! பதினான்கு வருடத்தில் ஏழையின் வண்டிக்கு விலை ஒரு சல்லி ஏறவில்லை. நான் அவரிடம் சொன்னேன், உடைக்காதீர்கள், 2052 வரை எப்படியாவது உயிரோடு வைத்திருங்கள், பீங்கான் கீறிய தடத்துக்கே தனி விலை கிடைக்கும் என்று. அவர் சிரிக்கவில்லை. அந்த வாரக் கட்டணத்தைத் தொலைபேசியில் கட்டிக்கொண்டிருந்தார்.

மாமாவுக்கு மனம் ஆறவில்லை. அந்த 18,000 பவுண்டுக்காரருக்குப் போன் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மாமா தன் கடை ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இருபது கிலோ அரிசி மூட்டை இதில் எத்தனை ஏறும்?

மறுமுனையில் சற்று மௌனம். பிறகு மிக மரியாதையாகப் பதில் வந்தது. ஐயா, பின்னால் விரித்திருப்பது தொழிற்சாலையில் போட்ட அசல் கம்பளம். அதன்மேல் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது.

மாமா போனை என்னிடம் தந்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பின்னுக்கு என்னத்துக்குக் கதவு வைச்சிருக்கிறாங்கள்?"