நுரை அடங்கும் வரை

கிளாஸைத் தொடாதீர்கள். வெயிலில் நடந்து வந்த களைப்பும், நாவறட்சியும், கிளாஸின் புறத்தே முத்து முத்தாய் அரும்பி வழிகிற குளிர்ச்சியும் உங்களை எவ்வளவுதான் தூண்டினாலும், எதிரே அமர்ந்திருக்கிற அந்த அன்பர் தமது வலக்கையின் ஆள்காட்டி விரலைச் சற்றே உயர்த்தி, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டாரானால், அந்த நிமிஷம் கழிகிற வரையில் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும். அவருடைய ஒரு நிமிஷத்தில் எத்தனை நிமிஷங்கள் அடங்கும் என்பதை நான் மூன்று செப்டம்பர்களாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஆராய்ந்து வந்திருக்கிறேன். மிகக் குறைந்தது 11; அதிகபட்சம் 42.

யாக்கிமா ஊரின் பீர் சாலைகளில், டேஸ்டிங் ரூம் என்று சொல்கிறார்களே, அந்தக் கூடங்களில், மேஜைக்கு ஒருவராக இவரைக் காணலாம். வருஷத்தில் பத்து மாதம் இவரும் நம்மைப் போல வரி கட்டிக்கொண்டும், புல் வெட்டிக்கொண்டும், அண்டை வீட்டாரின் நாயைப் பற்றி முறையிட்டுக்கொண்டும் காலந்தள்ளுகிற சாதாரண கிருகஸ்தர்தாம். ஆகஸ்டு மாதத்தின் கடைசியில், யாக்கிமாப் பள்ளத்தாக்கில் 18 அடி உயரத்துக்குக் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்து ஏற்றியிருக்கும் ஹாப்ஸ் கொடிகளை அறுக்கத் தொடங்குகிறார்கள் என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில்தான், அவருக்குள் உறங்கிக் கிடந்த ரசிகர் சோம்பல் முறித்து எழுந்திருக்கிறார்.

அமெரிக்காவில் விளைகிற ஹாப்ஸில் ஏறத்தாழ முக்கால் பங்கு இந்த வாஷிங்டன் மாநிலத்தில், அதிலும் இந்த ஒரு பள்ளத்தாக்கில் விளைகிறது. பூ என்று அதைச் சொன்னாலும் பார்வைக்குப் பச்சை நிறத்துச் சிறு கூம்பு போலத்தான் இருக்கும்; இதழ்களின் அடியில் மஞ்சள் பொடி ஒட்டியிருக்கும்; பீரின் கசப்பும் நறுமணமும் அந்தப் பொடியில்தான் குடியிருக்கின்றன. பறித்த பூவின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் ஆகையால், அதை அப்படியே குவித்து வைத்தால் ஈரப்புல் குவியல் போலச் சூடேறிக் கெட்டுவிடும். எனவே சூளையில் உலர்த்தி, ஈரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்த பிறகு, 200 பவுண்டு மூட்டைகளாகக் கட்டி உலகமெங்கும் அனுப்புகிறார்கள். உலர்த்தாத பச்சைப் பூவை, பறித்த சூட்டோடு, 24 மணி நேரத்துக்குள் கொதிகலத்தில் கொண்டுபோய்க் கொட்டிச் செய்வதுதான் ஃபிரெஷ் ஹாப் பீர். உலர்ந்த பூ ஒரு பங்கு போடுகிற இடத்தில் பச்சைப் பூ நாலைந்து மடங்கு போடவேண்டும். அறுவடைக் காலத்தில் மட்டுமே இதைச் செய்ய இயலும். செய்தாலும் அந்தப் பசிய மணம் சில வாரங்களே நிற்கும்.

இவ்வளவையும் நான் எங்கே கற்றேன் என்று கேட்கிறீர்களா? என் பீர் சூடேறிக்கொண்டிருந்தபோது கற்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தின் வைபவத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். பரிசாரகப் பெண் கிளாஸைக் கொணர்ந்து வைத்ததும் அவர் முதலில் அதைத் தொடுவதில்லை. தெய்வ சந்நிதியில் நிற்பவரைப் போல இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, நுரையின் உயரத்தைக் கண்ணாலேயே அளக்கிறார். பிறகு கிளாஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, அதன் கலங்கலில் இன்னதென்று நமக்குப் புலப்படாத ஏதோ ஒன்றைக் கண்டு திருப்தியுற்றுத் தலையசைக்கிறார். கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மூன்று முறை வலமாகச் சுழற்றி, கையை எடுத்த கணத்திலேயே மூக்கை உள்ளே செலுத்துகிறார். கண்கள் மூடுகின்றன. அந்த மௌனத்தில் அடுத்த மேஜைக்காரர்கள் ஒரு கிளாஸ் குடித்து முடித்து இன்னொன்று தருவித்துக்கொள்கிறார்கள். கண் திறந்ததும் அவர் குடிப்பார் என்று எதிர்பார்ப்பது புதியவர்கள் செய்கிற பிழை. கண் திறந்ததும் அவர் பேசுகிறார்.

பேச்சு, பூ எந்தத் தோட்டத்தில் பறித்தது என்பதில் தொடங்கி, எத்தனை மணிக்குப் பறித்தது, எத்தனை மணிக்கு லாரி புறப்பட்டது, வழியில் எங்கேனும் நின்றதா என்ற விசாரணைகளின் வழியே, இந்த ரகத்துக்கு மூலமான ரகம் எது என்கிற வம்சாவளிக்குச் சென்று, அங்கிருந்து 1972-இல் ஆரெகனிலிருந்து வெளிவந்த காஸ்கேட் ரகத்தின் மகிமையைத் தொட்டு, 1982-இல் இதே யாக்கிமாவில் மதுவிலக்குக் காலத்துக்குப் பிற்பட்ட அமெரிக்காவின் முதல் பீர் விடுதியைத் திறந்த பெர்ட் கிராண்ட் என்பவர், பிறர் கொடுத்த பீரில் மணம் போதாவிட்டால் தம் பையிலிருந்து ஹாப்ஸ் எண்ணெய்ச் சீசாவை எடுத்துத் துளி விட்டுக்கொள்வாராம் என்கிற கர்ணபரம்பரைக் கதையில் சற்றே இளைப்பாறி, 1996-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சிக்கோ நகரத்திலிருந்த சியரா நெவாடா ஆலைக்கு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து பச்சைப் பூ பல நூறு மைல் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்த திவ்விய சரித்திரத்தில் வந்து நிற்கும். இந்தக் கட்டத்தில் அவர் குரல் தழதழக்கும்.

ஒருமுறை, அந்தத் தழதழப்பு உண்டாக்கிய இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டு, "1996-இல் தாங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டேன். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம். கிடைத்ததிலே மலிவான பீரைப் பெட்டி பெட்டியாக வாங்கி, ஐஸில் புதைத்து, எடுத்த எடுப்பிலே குடிப்பார்களாம். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கம் படர்ந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உற்றுப் பார்த்ததில் அது ஏக்கம் என்று பட்டது. ஆனால் இரண்டு விநாடிதான். உடனே விரல் உயர்ந்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, ஒருவழியாக, "இப்போது அருந்தலாம்" என்ற அனுக்கிரகம் பிறக்கும். வந்தபோது இரண்டு அங்குலம் நின்ற நுரை இப்போது கிளாஸின் விளிம்பில் ஒரு வெண்கோடாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒரு மிடறு அருந்துவார், நெற்றி சுருங்கும். "சற்றுச் சூடேறிவிட்டதே, மணம் போய்விட்டதே" என்பார். போகாமல் என்ன செய்யும்? பூவைப் பறித்து 24 மணி நேரத்துக்குள் கலத்தில் சேர்க்க ஒரு பள்ளத்தாக்கே இரவு பகலாக ஓடியிருக்கிறது. அது மேஜைக்கு வந்து சேர்ந்த பிறகு, இவர் வாய்க்கும் கிளாஸுக்கும் இடையிலுள்ள ஓரடி தூரத்தைக் கடக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. உடனே அந்தப் பெண்ணை அழைத்து வேறு கிளாஸ் கொண்டுவரச் சொல்வார். வரும். குளிர்ந்த கிளாஸ், இரண்டு அங்குல நுரை. விரல் உயரும். "ஒரு நிமிஷம்."

பலகையில் நாலு சிறு கிளாஸ்கள் வைத்துத் தருகிற வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு ஃபிளைட் என்று பெயர். நாலு கிளாஸுக்கு நாலு நிமிஷம். அதைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

எங்கள் பெரியப்பா ஒருவர் முதல் டிகாக்‌ஷனின் குணவிசேஷங்களை அரைமணி நேரம் எடுத்துரைக்க வல்லவர். ஆனால் அவர் தம்ளரை ஆற்றிக் குடித்துக்கொண்டேதான் பேசுவார். கேட்பவர்களும் குடித்துக்கொண்டே கேட்கலாம். ரசனைக்கும் தாகத்துக்கும் அவர் பகை மூட்டியதில்லை.

மற்றபடி நம் அன்பரிடமுள்ள வழக்கங்கள் சாமானியமானவை. ஜன்னலோரத்தில் உட்கார மாட்டார். வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புச் சத்து சிதைந்து பீர் நாற்றமெடுக்கும் என்பது மெய்தான். அதற்காகக் கழிப்பறைக் கதவை ஒட்டிய இருண்ட மூலையில் எங்களைக் கொண்டுபோய் அமர்த்தி, வாசனையைக் கவனியுங்கள் என்று சொல்வது எந்த நியாயத்தில் சேர்த்தி என்று தெரியவில்லை. சட்டைப்பையில் குறிப்புப் புத்தகம் உண்டு. அக்டோபர் முதல் சனிக்கிழமையில் இவ்வூரில் நடக்கிற ஃபிரெஷ் ஹாப் திருவிழாவின் பழைய பனியன்கள் வீட்டில் ஓர் அலமாரி நிறைய உண்டு.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டேஸ்டிங் ரூமின் முற்றத்தில் அறுத்த கொடிகளைக் குவித்து, வருகிறவர்கள் கையாலேயே பூப் பறித்துக் கொடுக்கலாம், பறித்தவர்க்கு ஒரு கிளாஸ் பீர் இனாம் என்று அறிவித்திருந்தார்கள். குழந்தைகளும் கிழவர்களும் கூடை கூடையாகப் பறித்தார்கள். நம் அன்பர் கூடையில் மாலை வரையில் ஏழு பூ இருந்தது. எட்டாவது பூவை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துப் பரபரவென்று தேய்த்து, வருகிறவர் போகிறவர் மூக்குக்கெல்லாம் அந்தக் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார். என் மூக்குக்கும் நீட்டி, "என்ன தெரிகிறது?" என்றார். "அறுத்துப் போட்ட பசும்புல்" என்றேன், ஓய்ந்துபோன மனத்தோடு. அவர் திகைத்து நின்று, குறிப்புப் புத்தகத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டு, "மேலே சொல்லுங்கள்" என்றார். பம்பளிமாஸ் தோல் என்றேன். மேலே என்றார். நனைந்த வைக்கோற்போர், அதன்மேல் ஒரு பூனை என்றேன். பூனை வரையில் எழுதிக்கொண்டார்.

பச்சைப் பூவை 24 மணி நேரத்துக்குள் போட்டாலும், பீர் புளித்துத் தெளிந்து மேஜைக்கு வர இரண்டு மூன்று வாரம் ஆகிறதே, அதற்குள் லாரி வழியில் காப்பி குடிக்க நின்றதா என்பதில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கே கேட்டும் பார்த்தேன். கோயிலில் நின்றுகொண்டு, சுவாமி உண்மையிலேயே சாப்பிடுவாரா என்று கேட்கிற சிறுவனைப் பெரியவர்கள் பார்ப்பார்களே, அந்தப் பார்வை பார்த்தார்.

ஆனால் ஒன்று. கிளாஸ் கொண்டுவந்து வைக்கிற அந்தப் பெண்ணின் முழங்கைக்குக் கீழே சிவந்த கீறல்கள் இருந்ததை நான் இந்த செப்டம்பரில்தான் கவனித்தேன். ஹாப்ஸ் கொடியில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. உராய்ந்த இடத்தில் தோல் தடித்துச் சிவந்துவிடும். அவள் இரவெல்லாம் ஒரு தோட்டத்தில் கொடிகளைத் தூக்கி இயந்திரத்தின் கொக்கிகளில் மாட்டுகிற வேலை செய்துவிட்டு, பகலில் சிறிது உறங்கி, மாலையில் இங்கே வருகிறாள். அவளை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் நம் அன்பர் அறுவடை என்றால் என்ன என்று 20 நிமிஷம் விளக்கினார். அவள் கையில் ஐந்து கிளாஸ் இருந்தது. "அப்படியா ஐயா" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். மூன்று மணி நேரம் மேஜையைப் பிடித்து, நாலு கிளாஸைத் திருப்பியனுப்பி, எழுந்து போகும்போது அவர் வைத்த டிப்ஸ் ஒரு டாலர். இதை வேடிக்கையாகச் சொல்லலாமென்று இரண்டு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. அது தவறு, அவ்வளவுதான். அவரிடமே சொன்னேன். முகம் சிவந்து, திரும்பி உள்ளே போனார். என்ன கொடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. ஆனால் வெகுநேரம் கழித்தே வந்தார். அவளிடமும் பெர்ட் கிராண்ட் கதையைச் சொல்லியிருப்பாரோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சென்ற வாரம் அவருக்கு ஜலதோஷம். அறுவடை முடிந்து, கடைசிப் பீப்பாய் திறந்திருக்கிற சமயத்தில், மூக்கு முழுதும் அடைத்துக்கொண்டு, ஒரு கைக்குட்டையும் ஈரமான கண்களுமாக வந்து உட்கார்ந்தார். கிளாஸ்கள் வந்தன. நுரையை அளந்தார், விளக்குக்கு நேரே பிடித்தார், மூன்று முறை சுழற்றி மூக்கைச் செலுத்தினார். எடுத்த முகத்தில் நான் அதுவரை காணாத ஒரு நிராதரவு இருந்தது. "ஒன்றுமே தெரியவில்லை. நீங்கள் முகர்ந்து சொல்லுங்களேன்" என்றார்.

நான் மறுத்திருக்கலாம். ஆனால் கடைசிப் பீப்பாய். என் கிளாஸை எடுத்து உள்ளங்கையால் மூடிச் சுழற்றி முகர்ந்தேன். புல் இருந்தது, பம்பளிமாஸ் தோலும் இருந்தது, ஆனால் புல்லுக்கும் தோலுக்கும் நடுவே இன்னதென்று பிடிபடாத ஒன்று, மழைக்கு முந்திய மண்ணைப் போலவும் அல்லாமல், எலுமிச்சை இலையைக் கசக்கியது போலவும் அல்லாமல், எட்ட எட்ட நின்றது. அதை விட்டுவிட மனமில்லாமல் மறுபடி முகர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றடியில் இருந்த நாரத்தை மரத்திலிருந்து தொடங்கினேன். கொல்லையிலிருந்து மாட்டுக்கொட்டிலுக்கும், அங்கிருந்து ஆற்றங்கரைக்கும் போய், அந்த மணம் எதுவென்று ஒருவாறு நிச்சயித்துக்கொண்டு நான் கண்ணைத் திறந்தபோது, அவர் கிளாஸ் காலியாக இருந்தது. என்னுடையது அவர் கையில் இருந்தது. அதிலும் அடியில் கால் அங்குலம்தான் மிச்சம்.

"சூடேறிக்கொண்டிருந்தது" என்றார்.