மக்கும் பையின் மூன்றாண்டு விரதம்

'மக்கும்' என்று பையில் கொட்டை எழுத்தில் அச்சடிக்கிறார்கள். எங்கே, எப்போது என்பதற்கு மட்டும் இடம் போதவில்லை போலும்.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இமோஜன் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் அதைச் சோதித்தார்கள். ஐந்து வகைப் பைகளை மண்ணில் புதைத்தார்கள், கடலில் அமிழ்த்தினார்கள், வெட்டவெளியில் விட்டார்கள். முடிவு 2019இல் வெளியானது. மண்ணிலும் கடலிலும் மூன்றாண்டு கிடந்த 'மக்கும்' பை, கரையேறியதும் இரண்டேகால் கிலோ மளிகைச் சாமானைக் கிழியாமல் சுமந்தது. கடமை தவறாத பை!

உரமாகும் பையின் போக்கு வேறு. கடலில் மூன்றே மாதத்தில் மறைந்தது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் இருந்தது. பாரம் ஏற்றியபோதுதான் கிழிந்தது.

வெட்டவெளியில் சமத்துவம் நிலவியது. 9 மாதத்தில் எல்லாப் பைகளும், சாதாரணப் பாலித்தீன் உட்பட, துண்டுதுண்டாயின. நொறுங்குவதற்குப் பெயர் மக்குவதல்ல. நொறுங்குவதையே பெருமையாகச் சொல்லி விற்ற ஆக்ஸோ வகைப் பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் தடைசெய்தது.

சோளத்திலிருந்து வரும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் செய்த டம்ளர் மக்கவோ மாப்பிள்ளை உபசாரம் வேண்டும்: ஏறக்குறைய 58 டிகிரி வெப்பம், ஈரம், காற்று, நுண்ணுயிர்ப் படை. இத்தனையும் தொழிற்சாலை உரக்கூடத்தில்தான் கிடைக்கும். சாலையோரம் வீசப்படும் டம்ளர் அப்படியே கிடக்கிறது. வாங்கியவருக்கு மனநிறைவு மட்டும் கல்லாவிலேயே கிடைத்துவிடுகிறது.